கரை மேல் ஆணை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் முதலில் சண்டை போட்டுவிட்டுப் பிறகு எதற்காகப் போட்டோம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியத்தின் பெயர் எனக்கு மறந்துவிட்டது. ராஜாவின் பெயர் மறக்கவில்லை. சிங்கமுடி மகாராஜா. மீசை பெரிது, கோபம் பெரிது, மனசும் பெரிதுதான். ஆனால் கோபம் எப்போதும் மனசுக்கு நாலடி முன்னால் நடக்கும்.

ஆற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது பனங்குளச் சீமை. பதினொரு ஊர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு பெரிய கண்மாய். அந்தக் கண்மாய்த் தண்ணீரில்தான் பதினொரு ஊரும் சோறு தின்றது. சீமை எங்களுடையது என்று நம் மகாராஜாவின் தாத்தா சொன்னார். இல்லை, எங்களுடையது என்று மலையடிவாரத்து ராஜாவின் தாத்தா சொன்னார். தாத்தாக்கள் போனார்கள், அப்பாக்கள் வந்து அதையே சொன்னார்கள். அங்கே குடியிருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்கலாமே என்று இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு தை மாதம், கண்மாய் நிரம்பிக் கிடந்த சமயத்தில், பெரிய சண்டை மூண்டது. மலையடிவாரத்து ராஜா கண்மாய்க்குக் கீழே வயல்காட்டில் கூடாரம் அடித்திருந்தார். நம் படை கண்மாய்க் கரையை வெட்டிவிட்டது. தண்ணீர் பாய்ந்தது, கூடாரம் போயிற்று, யானை குதிரை எல்லாம் சேற்றில் சிக்கின, மலையடிவாரத்து ராஜா ஒற்றைச் செருப்போடு மலைக்கு ஓடினார். சீமை நம் கைக்கு வந்தது.

மூன்று நாள் விழா நடந்தது. நான்காம் நாள் மகாராஜா ஒற்றனைக் கூப்பிட்டு, "நம் புதிய குடிகள் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?" என்று கேட்டார். ஜெயித்த ராஜாவுக்கு இந்தக் கேள்வி எதற்கு? பேசாமல் போய்ப் படுத்திருக்கலாம். கேட்டுவிட்டார்.

நம் ராஜ்ஜியத்தில் ஒரு வழக்கம். எந்த வழக்கு என்றாலும் சாட்சி சொல்கிறவன் "மகாராஜா மேல் ஆணை" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பான். அதைக் கேட்பதில் மகாராஜாவுக்குக் கொள்ளை ஆசை. நாளுக்கு நாற்பது தடவை கேட்டாலும் மீசை ஒரு தரம் துடிக்கும்.

ஒற்றன் எச்சில் விழுங்கினான். "மகாராஜா, பனங்குளத்தில் யாரும் தங்கள் மேல் ஆணை இடுவதில்லை."

"அப்படியானால் ஓடிப்போனவர் மேலா?"

"அவர் மேலும் இல்லை. 'கரை மேல் ஆணை' என்கிறார்கள். கண்மாய்க் கரை மேல்."

மகாராஜாவின் முகம் சிவந்துவிட்டது. எதிரி ராஜாவைப் பார்த்துப் பொறாமைப்படலாம். ஒரு மண்மேட்டைப் பார்த்து எப்படிப் பொறாமைப்படுவது? ஆனாலும் பட்டார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

தளபதி வேங்கையார் எழுந்தார். கரையை வெட்டியவர் அவர்தான். "மகாராஜா, ஐந்நூறு வீரர்களோடு போகிறேன். ஒரு மாதத்தில் தங்கள் பெயரைச் சொல்ல வைக்கிறேன்" என்று மார்தட்டிக்கொண்டு போனார்.

போன அன்றே ஒரு ஆட்டு வழக்கு வந்தது. ஆட்டுக்காரன் தளபதியின் முன் நின்று, "கரை மேல ஆணையாச் சொல்றேன் சாமி, இது என் ஆடு" என்றான்.

"மகாராஜா மேல் ஆணையிட்டுச் சொல்!" என்று தளபதி வாளை உருவினார்.

ஆட்டுக்காரன் வாளைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். "மகாராசா மேல ஆணையா... இது யாரு ஆடுன்னு எனக்குத் தெரியாதுங்க சாமி."

அன்றைக்கு மட்டும் ஆறு வழக்கு. ஆறிலும், மகாராஜா மேல் ஆணை என்றதும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தன் பெயர் தெரியவில்லை என்று ஒருவன் சொல்லிவிட்டான். ஒரு மாதத்தில் தளபதி தொண்டை கட்டித் திரும்பி வந்தார்.

அடுத்து பேரமைச்சர் நல்லசேனர் போனார். அவர் மூளைக்காரர். ஆணை கரை மேல்தான் என்றால் கரைக்கே மகாராஜாவின் பெயரை வைத்துவிட்டால் ஆயிற்று என்று கணக்குப் போட்டார். நாலு மாதம் ஆள் வைத்துச் சிங்கம் செதுக்கிய பெரிய கல்லை நட்டு, "இன்று முதல் இந்தக் கண்மாயின் பெயர் சிங்கமுடிச் சமுத்திரம்" என்று பறையறைந்து சொல்லிவிட்டு வெற்றியோடு திரும்பினார்.

ஜனங்கள் மிகவும் பணிவாக அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து ஒற்றன் வந்தான். "சிங்கமுடி வற்றிப் போச்சு என்கிறார்கள், மகாராஜா. சிங்கமுடியில் எருமை மேயுது என்கிறார்கள். சிங்கமுடிக்கு ஓட்டை விழுந்து ஆறு மாசம் ஆச்சு, அடைக்க ஆளில்லை என்கிறார்கள்."

சபையில் ஒரு மூலையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்தவன் கூத்தப்பன்.

கூத்தப்பன் அரண்மனை விகடன். ஒல்லியான உடம்பு, அந்த உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலைப்பாகை. மகாராஜாவுக்கு அவன் மேல் தனிப் பிரியம். காலையில் அவன் முகத்தைப் பார்க்காவிட்டால் மகாராஜா அன்றைக்கு முழுக்க யார் மேலாவது எரிந்து விழுவார். அந்தப் பிரியத்தைப் பார்த்துத்தான் தளபதிக்கும் பேரமைச்சருக்கும் வயிறு எரியும்.

மகாராஜா கர்ஜித்தார். "சிரிக்கிறாயா, கூத்தப்பா? உன்னால் முடியுமா?"

பேரமைச்சரும் தளபதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இதற்காகத்தானே பத்து வருஷமாகக் காத்திருந்தார்கள்!

பேரமைச்சர் கைகட்டி முன்னால் வந்தார். "அருமையான யோசனை, மகாராஜா. கூத்தப்பரையே அனுப்புவோம். ஆனால் ஆணை ஒன்றை மட்டும் ஏன் கேட்க வேண்டும்? அந்தச் சீமையில் முன்னிருந்த அரசருக்கு முதல் கதிர், முதல் தாம்பூலம், கோயில் பரிவட்டம் என்று எத்தனையோ உரிமைகள் இருந்திருக்கும். அவை எல்லாம் தங்களை வந்து சேரட்டும். ஆணை தானே பின்னால் வரும்."

"ஆமாம்! ஒன்றுகூடக் குறையக் கூடாது!" என்றார் மகாராஜா.

பேரமைச்சரே ஓலை எழுதினார். ஒவ்வொரு வரியையும் ருசித்து ருசித்து எழுதினார். 'பனங்குளச் சீமையில் முன்னிருந்த அரசருக்கு என்னென்ன உரிமைகள் உண்டோ அவை அனைத்தும், ஒன்றுகூடக் குறையாமல், ஆவணி முடிவதற்குள் நம் மகாராஜாவைச் சேர வேண்டும். கூத்தப்பன் இதற்குப் பொறுப்பு. படை கொண்டு மிரட்டக் கூடாது, பரிசு கொடுத்து மயக்கக் கூடாது. நிறைவேறாவிட்டால் அவன் ஆற்றைத் தாண்டித் திரும்பி வரக் கூடாது.'

எழுதி முடித்ததும் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த விகடன் அங்கே போய், மகாராஜாவின் சார்பில் என்று மரியாதைகளைத் தானே வாங்கிக்கொண்டு வந்து நின்றால்? உடனே இன்னொரு வரி சேர்த்தார். 'அந்த உரிமைகளை மகாராஜா நேரில் வந்து தாமே ஏற்பார். வேறு எவரும் அவர் சார்பில் ஏற்கலாகாது.'

மகாராஜா கோபத்தோடு முத்திரையைக் குத்தினார். குத்திய பிறகுதான் கடைசியில் இருந்த தண்டனை வரி அவர் மனசில் உறைத்தது. கூத்தப்பன் திரும்பி வராவிட்டால்? ஆனால் முத்திரை விழுந்த ஓலையை மாற்றுவது அந்த ராஜ வம்சத்தில் இல்லை. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மட்டும் சொன்னார். சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூத்தப்பன் பரிசலில் ஆற்றைக் கடந்தான். ஓலையைத் தவிர அவன் கையில் ஒரு துணி மூட்டை, அவ்வளவுதான். பெரிய கண்மாய்க்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். கரையின் நடுவில் நாற்பது அடி அகலத்துக்குப் பிளவு. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, களிமண் வெடித்துக் கிடந்தது. பேரமைச்சரின் சிங்கக் கல்லில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள்.

பிளவின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பனை நாரில் கூடை முடைந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் முடைந்த கூடைகள் மனித உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவள் பெயர் இருளாயி. கண்மாயின் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவள் வீட்டுப் பொறுப்பு. வயலுக்குத் தண்ணீர் போகிற வழி எல்லாம் அவள் சொல்படிதான்.

"தாயி, நான்தான் உங்க சீமைக்குப் புது அதிகாரி" என்றான் கூத்தப்பன்.

அவள் அவனையும் அவன் தலைப்பாகையையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியா. முதல்ல வந்தவரு கத்துனாரு. ரெண்டாவது வந்தவரு கல்லு நட்டாரு. நீங்க என்னய்யா செய்வீக?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது தாயி. கேட்டுட்டுப் போக வந்தேன்."

அவள் கை நின்றது. உட்காரச் சொல்லி ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பதினொரு ஊர் ஆட்களும் கூடிவிட்டார்கள். கூத்தப்பன் ஓலையைப் படித்துக் காட்டினான். "மழைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்லை. கரையை அடைக்காம கூடையை மட்டும் முடைஞ்சு அடுக்கி வச்சிருக்கீங்களே, ஏன்?" என்று கேட்டான்.

இருளாயிதான் பதில் சொன்னாள். "எங்க சீமையில ஒரு வழக்கம்யா. வருசா வருசம் கண்மாயில மண்ணெடுத்துக் கரையில போடுவோம். முதல் கூடையை ராசாதான் தலையில சுமந்து வந்து போடணும். அவரு போட்டாத்தான் நாங்க ரெண்டாவது கூடையைத் தொடுவோம். அந்த முதல் கூடை போட்டவரு, கரைக்கு ஒரு சேதம்னா தன் உசுருக்கு வந்த மாதிரி ஓடி வரணும். அதுதான் பேச்சு. அதனாலதான் கரை மேல ஆணை இடுறோம். ராசாவும் அதுக்குக் கட்டுப்பட்டவரு, நாங்களும் அதுக்குக் கட்டுப்பட்டவக."

"பழைய ராஜா போட்டாரா?"

"போட்டாரு. தையில கரை ஒடஞ்சப்ப அவரு ஓடுனாரு. கரைப் பக்கம் இல்ல, மலைப் பக்கம்." அவள் பிளவைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரரு இந்தப் பக்கம் ஓடி வந்தாரு. மடையத் தெறந்துவிட்டா வேகம் கொறையும், கீழூருக்காரக தப்பிச்சுக்குவாகன்னு. அவரை மூணாம் நாளு பனங்காட்டுல கண்டெடுத்தோம்."

கூத்தப்பன் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீங்களே அடைச்சுடலாமே தாயி" என்றான் கடைசியில், மெதுவாக.

"அடைக்கலாம். நாளைக்கு இன்னொரு படை வரும், இன்னொருத்தரு வெட்டுவாரு. மண்ணு சுமந்து பாக்காதவருக்கு வெட்டச் சொல்றதுக்கு ஒரு நொடி போதும். பழைய ராசா மலையிலேருந்து ஆளனுப்புறாரு, புதுசா வந்தவருக்குத் தலை வணங்குனா தலை இருக்காதுன்னு. உங்க தளபதி சொல்லிட்டுப் போறாரு, பழையவரு பேரைச் சொன்னா நாக்கு இருக்காதுன்னு. தலை ஒருத்தருக்கு, நாக்கு ஒருத்தருக்குன்னு நீங்களே பங்கு போட்டுட்டீக. மிச்சம் எங்களுக்கு இந்தக் கை ரெண்டுதான்யா. அதைச் சும்மா கொடுக்க மாட்டோம்."

கூத்தப்பன் ஓலையை எடுத்து இன்னொரு தடவை படித்தான். 'என்னென்ன உரிமைகள் உண்டோ.' 'ஒன்றுகூடக் குறையாமல்.' 'மகாராஜா நேரில் வந்து தாமே.' படிக்கப் படிக்க அவன் முகம் மலர்ந்தது. பேரமைச்சர் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

"தாயி, பழைய ராஜாவுக்கு இங்கே இருந்த உரிமை எல்லாத்தையும் வரிசையாச் சொல்லுங்க. எது முதல்?"

"முதக் கூடைதான் முதல். அதுக்கப்புறம்தான் கதிரு, தாம்பூலம், பரிவட்டம் எல்லாம்."

"அந்த முதல் உரிமையை எங்க மகாராஜா வந்து ஏத்துக்கிட்டா?"

ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இருளாயி வெடுக்கென்று சொன்னாள். "வெட்டுனவரு வந்து சுமப்பாரா? கதை விடாதீகய்யா!"

"வந்தா?"

அவள் அடுக்கிலிருந்து ஒரு கூடையை எடுத்து அதன் விளிம்பை இழுத்துப் பார்த்தாள். "வந்தா, அவரு போட்ட கூடைக்கு நான் மரியாதை செய்வேன். அவருக்குச் செய்வேனான்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"அது போதும்" என்றான் கூத்தப்பன்.

அரண்மனைக்குச் செய்தி போயிற்று. 'உரிமைகள் எல்லாம் தயார். முதல் உரிமை காத்திருக்கிறது. ஓலையில் கண்டபடி மகாராஜா நேரில் வந்து ஏற்க வேண்டும்.' மகாராஜாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆவணி மாதம் இருபதாம் நாள் யானை, மேளம், குடை, கொடி, பேரமைச்சர், தளபதி எல்லோரும் ஆற்றைக் கடந்தார்கள். பேரமைச்சர் மட்டும் தாம் எழுதிய ஓலையின் வரிகளை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரையில் பதினொரு ஊரும் நின்றது. நடுவில் ஒரு மேடை, அதன் மேல் பட்டுத்துணி போட்டு மூடிய ஏதோ ஒன்று. மகாராஜா கூத்தப்பனைப் பார்த்ததும் சபை மரியாதை எல்லாம் மறந்து, "இளைத்துவிட்டாயே!" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "எங்கே நமது முதல் உரிமை?" என்று கம்பீரமாகக் கேட்டார்.

கூத்தப்பன் பட்டுத்துணியை விலக்கினான். உள்ளே பனைநார்க் கூடை. கூடை நிறைய ஈரக் களிமண். ஊர்ப் பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஆளுக்கு ஒரு செம்பு ஊற்றிக் குழைத்திருந்தார்கள்.

முதல் கூடையை ராஜாதான் தலையில் சுமந்து போட வேண்டும் என்ற வழக்கத்தைக் கூத்தப்பன் எடுத்துச் சொன்னதும் தளபதி பாய்ந்தார். "மகாராஜாவின் தலையில் மண்ணை வைப்பதா? இவன் தலையைச் சீவ உத்தரவு கொடுங்கள்!"

"கொடுக்கட்டும், தளபதியாரே. அதற்கு முன் இதைப் படித்துவிடுகிறேன்" என்று கூத்தப்பன் ஓலையை உரக்கப் படித்தான். "ஒன்றுகூடக் குறையாமல் என்று இருக்கிறது. இது முதலாவது. இதை விட்டால் ஒன்று குறைந்துவிடும். மகாராஜாவின் முத்திரை பொய்யாகிவிடும்."

"அப்படியானால் ஒரு வீரனைச் சுமக்கச் சொல்கிறேன்!"

"வேறு எவரும் அவர் சார்பில் ஏற்கலாகாது என்று இருக்கிறதே. எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார் பாருங்கள், நம் பேரமைச்சர்!"

பேரமைச்சர் யானையின் நிழலுக்குள் போய் நின்றுகொண்டார்.

மகாராஜாவின் மீசை துடித்தது. இந்தத் தடவை சந்தோஷத்தில் அல்ல. "கூத்தப்பா, என்னைக் கேலிக்கூத்து ஆக்கவா இத்தனை தூரம் வரவழைத்தாய்?"

"இல்லை, மகாராஜா. இந்தச் சீமையை எப்படி ஆள்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களைக் கேட்டேன். அவர்கள் சொன்னது இதுதான்."

மகாராஜா பிளவைப் பார்த்தார். அவர் இதுவரை அதைப் பார்த்ததே இல்லை. கூடாரத்தில் உட்கார்ந்து தாம்பூலம் போட்டுக்கொண்டே, 'சரி, வெட்டுங்கள்' என்று சொன்னதோடு சரி. இவ்வளவு அகலமா? அதன் ஓரத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். அவள் குனியவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"உன் பெயர் என்ன அம்மா?"

"இருளாயி."

"இந்தக் கரையில் உனக்கு என்ன நஷ்டம்?"

"என் புருசன்" என்றாள்.

மகாராஜாவின் கோபம் எப்போதும் மனசுக்கு நாலடி முன்னால் நடக்கும் என்றேன் அல்லவா? அன்றைக்கு மனசு ஓடி வந்து அதைப் பிடித்துவிட்டது. அவர் மேடைக்குப் போய்க் கூடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கூடையை எப்படி வைத்துக்கொள்வது?" என்று கேட்டார்.

"கிரீடத்தின் மேல் கூடை நிற்காது, மகாராஜா" என்றான் கூத்தப்பன்.

மகாராஜா கிரீடத்தைக் கழற்றினார். யாரிடம் கொடுப்பது? தளபதி கையை நீட்டினார், பேரமைச்சரும் நிழலிலிருந்து வெளியே வந்து கையை நீட்டினார். மகாராஜா அதை இருளாயியிடம் கொடுத்தார். அவள் அதை வாங்கி, குடத்தை வைப்பது போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூத்தப்பன் தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிச் சும்மாடு கட்டி, மகாராஜாவின் தலையில் வைத்தான். இரண்டு பேர் கூடையைத் தூக்கி ஏற்றினார்கள்.

பத்தடி நடந்ததும் மகாராஜாவுக்குக் கழுத்து வலித்தது. இருபதடியில் சேற்றுத்தண்ணீர் நெற்றியில் இறங்கிப் புகழ்பெற்ற மீசைக்குள் புகுந்தது. முப்பதாவது அடியில் கால் வழுக்கியது.

"குதிகாலை அழுத்துங்கய்யா, குதிகாலை!" என்று கூட்டத்திலிருந்து ஒருவன் கத்திவிட்டான். ஆட்டுக்காரன்தான். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

மகாராஜா குதிகாலை அழுத்தினார். பிளவின் விளிம்புக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்தார். அந்தப் பெரிய பிளவில் ஒரு கூடை மண் விழுந்த இடம்கூடத் தெரியவில்லை. அவர் வெறுங்கூடையோடு இருளாயியின் பக்கம் திரும்பினார். "வெட்டச் சொன்னது நான்தான் அம்மா. ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன்" என்றார்.

இருளாயியின் கண் நிறைந்துவிட்டது. அவள் கிரீடத்தைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, ஒரு கூடையை எடுத்து மண்ணை வாரப் போனாள்.

"கொஞ்சம் பொறுங்க தாயி" என்றான் கூத்தப்பன். "ரெண்டாவது கூடை தளபதிக்கும் மூணாவது கூடை பேரமைச்சருக்கும் உரிய உரிமைன்னு ஒரு வழக்கம் உண்டுல்ல?"

இருளாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். "முன்ன இல்ல. இன்னையிலேருந்து உண்டு" என்றாள்.

பதினொரு ஊரும் சிரித்தது. தை மாதத்துக்குப் பிறகு அந்தக் கரையில் கேட்ட முதல் சிரிப்பு அது. தளபதி சேற்றில் இரண்டு தடவை விழுந்தார். பேரமைச்சர் கூடையைத் தலையில் வைப்பதா தோளில் வைப்பதா என்று யோசித்துக்கொண்டே பாதி மண்ணைத் தன் மேல் கொட்டிக்கொண்டார். மகாராஜா முதல் கூடையோடு நிறுத்தவில்லை. சாயங்காலம் வரை பதினேழு கூடை சுமந்தார். யானைகூட மரம் இழுத்தது. புரட்டாசி முடிவதற்குள் கரை எழும்பிவிட்டது. ஐப்பசியில் மழை கொட்டியது. கண்மாய் நிறைந்தது, கரை நின்றது.

கார்த்திகையில் மலையடிவாரத்து ராஜாவிடமிருந்து ஆள் வந்து, "உங்கள் உண்மையான அரசர் வரப்போகிறார்" என்று சொன்னானாம். "வரட்டும், கூடையோட வரச் சொல்லு" என்று பதில் போயிற்றாம். இன்று வரை அவர் வரவில்லை.

மாசி மாதம் ஒரு நாள் சபை கூடியிருந்தது. பனங்குளத்துக்காரர்கள் இரண்டு பேர் ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு வழக்கோடு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை, மிரட்டவில்லை. தாமாகவே ஆற்றைக் கடந்து நம் மகாராஜாவின் சபைக்கு வந்திருந்தார்கள். அதுவே புதிது. சாட்சியாக இருளாயி வந்திருந்தாள்.

"ஆணையிட்டுச் சொல் அம்மா" என்றார் மகாராஜா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் சிம்மாசனத்தின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பக்கத்தில் நின்ற கூத்தப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

இருளாயி சொன்னாள். "மகாராசா போட்ட கூடை மேல ஆணையாச் சொல்றேன். பசு வலப்பக்கம் நிக்கிறவருது."

பேரமைச்சர் துள்ளி எழுந்தார். "கேட்டீர்களா, மகாராஜா! தங்கள் மேல் அல்ல, கூடை மேல் ஆணை! ஆணையும் ராஜ உரிமைதான், அது குறைந்துவிட்டது! கூத்தப்பன் தோற்றுவிட்டான்! ஓலைப்படி அவன் ஆற்றுக்கு அப்பால் போக வேண்டியவன்!"

மகாராஜாவின் மீசை ஒரு தரம் துடித்தது. பிறகு மெல்ல ஒரு சிரிப்பு கிளம்பியது, பெரிதாயிற்று, சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். "பேரமைச்சரே, என் மேல் ஆணையிட்டால் ஆடு யாருடையது என்றே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கூடை மேல் ஆணையிட்டால் பசு யாருடையது என்று தெரிகிறது. கூடையே இருக்கட்டும். என்னைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்றால், அதைச் சுமந்தவன் நான்தானே!"

ரத்தினம் பதித்த பட்டுத் தலைப்பாகை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே கூத்தப்பன் தலையில் கட்டினார். "இன்னும் என்ன வேண்டும், கேள்."

கூத்தப்பன் பட்டுத்துணியைத் தடவிப் பார்த்தான். "இது வெயிலில் வழுக்கும், மகாராஜா. அன்றைக்குச் சும்மாடு கட்டினேனே, என் பழைய தலைப்பாகை, அதைத் திருப்பிக் கொடுத்தால் போதும்."

"அது முடியாது" என்றார் மகாராஜா. இடுப்பிலிருந்து சேறு காய்ந்த ஒரு பழைய துணியை எடுத்துக் காட்டினார். இத்தனை மாதமும் அதை மடியிலேயே வைத்திருந்திருக்கிறார்! "பனங்குளத்தில் எனக்கு வந்தது எதுவும் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்று ஓலை இருக்கிறது. முத்திரையை மாற்ற முடியாது. அடுத்த ஆவணிக்கு எனக்கு இது வேண்டும்."

கூத்தப்பன் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பெரிய கும்பிடு போட்டான். மகாராஜா அதைப் பார்த்து மறுபடி சிரிக்க, அவனும் சிரித்தான், இருளாயியும் சிரித்தாள். தளபதியும் பேரமைச்சரும் மட்டும் அடுத்த ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.